சிவப்பு எங்கே வெல்கிறது? உடற்பயிற்சிக் கூட இலச்சினை நிறம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

புதிதாகத் தொடங்கும் சிறிய உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சிவப்பு இலச்சினையே பொருந்தும் என்ற பரிந்துரை, நிற உளவியலைச் சார்ந்த சந்தையியல் எழுத்துகளில் ஆழமாக வேரூன்றிவிட்டது. சிவப்பு ஆற்றலைக் கூட்டும், போட்டியுணர்வைத் தூண்டும் என்பதே அதன் அடிப்படை. இதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது ரஸ்ஸல் ஹில், ராபர்ட் பார்ட்டன் இருவரும் 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை. அக்கட்டுரை அந்தப் பரிந்துரையைத் தாங்காது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட களம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். குத்துச்சண்டை, டேக்வாண்டோ, இருவகை மல்யுத்தம் ஆகியவற்றில் வீரர்களுக்குச் சிவப்போ நீலமோ அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலே ஒதுக்கப்படுகிறது. சிவப்பு அணிந்தவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு மோதல்களில் வென்றிருந்தார்கள். இருவரும் சமபலம் கொண்டிருந்த இடங்களில்தான் இந்தச் சாய்வு மிகுந்திருந்தது. கணக்கு இவ்வளவே. சிவப்பு வேலை செய்தது அணிந்தவர் உடலிலா, எதிராளியின் மனத்திலா, நடுவரின் கண்ணிலா என்பதை வெற்றிப் பட்டியலைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. சந்தையியல் வாசிப்போ முதல் விடையை எடுத்துக்கொண்டு, அணிந்தவருக்குக் கிடைத்ததாகக் கருதிய ஆற்றலைக் கூடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு போகும் வழிப்போக்கருக்கும் ஏற்றிவிடுகிறது.

2008இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹாகமன், ஸ்ட்ராவுஸ், லைசிங் மூவரும் செய்த சோதனை இந்த இடத்தில் முக்கியமானது. டேக்வாண்டோ மோதல்களின் சிறு காணொளித் துண்டுகளை 42 நடுவர்களுக்குக் காட்டினார்கள். பிறகு அதே துண்டுகளில் சிவப்புக் கவசத்தைக் கணினியில் நீலமாகவும் நீலத்தைச் சிவப்பாகவும் மாற்றிக் காட்டினார்கள். அதே உதை, அதே வேகம், அதே வீரர். ஆனாலும் சிவப்பில் தெரிந்தவருக்கு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுதல் புள்ளி விழுந்தது. பதிவான காணொளியில் எவருடைய ஆற்றலும் கூடியிருக்க வழியில்லை. மாறியது பார்த்தவரின் மதிப்பீடு மட்டுமே.

அப்படியானால் பார்ப்பவர் கண்ணில் சிவப்பு உயர்கிறது, இலச்சினைக்கும் அதுதானே வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் விடை வேறு. நடுவர் முன்னால் சிவப்பும் நீலமும் அருகருகே நின்றன. இருவரும் சிவப்பே அணிந்திருந்தால் எவருக்கும் சாய்வு கிடைத்திராது. ஆகவே, இங்கு அளக்கப்பட்டது சிவப்பின் இயல்பு அல்ல, பக்கத்து நிறத்தோடு அதற்குள்ள உறவு என்று படிப்பதே பொருத்தம். மல்யுத்தத்துக்கும் இவ்விளக்கம் அப்படியே செல்லும் என்று துணிந்து சொல்ல இயலாது. எனினும் பிற்காலக் கணக்கு இந்த வாசிப்புக்கு அரணாக நிற்கிறது. ஹில், பார்ட்டன் இருவரும் பங்கேற்ற பின்னாள் ஆய்வொன்று 16 பெரும் போட்டித்தொடர்களின் 6,500க்கும் மேற்பட்ட மோதல்களைத் தொகுத்தபோது சிவப்பின் பங்கு 50.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. 2005க்கு முன் நெருக்கமான மோதல்களில் தெரிந்த சாய்வும் பின்னர் பெரும்பாலும் மறைந்தது. இதற்கிடையில் விதிகள் மாறின; 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ கவசங்கள் மின்னணு முறையில் புள்ளியைப் பதிந்தன.

சிவப்பு இலச்சினையைக் கண்டவர்கள் ‘உற்சாகம்’ என்று குறித்த ஆய்வுகளும் உள்ளன. ஆனால் திரையில் தனித்து நிற்கும் இலச்சினைக்குக் கிடைத்த பதில், நெரிசலான கடைத்தெருவுக்குச் செல்லாது.

நிறம் பொருள் பெறுவது அது புழங்கும் இடத்தில். 2010இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய ஆரஞ்ச்தியரி என்ற உடற்பயிற்சிக் கூடத் தொடர் இதற்குத் தெளிவான சான்று. அங்கே பயிற்சி செய்பவரின் இதயத்துடிப்பு சாம்பல், நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என ஐந்து மண்டலங்களாகத் திரையில் ஒளிர்கிறது. உச்சத் துடிப்பில் 84 முதல் 91 விழுக்காடு வரை ஆரஞ்சு. ஒரு வகுப்பில் 12 நிமிடமாவது அதிலோ அதற்கு மேலோ இருப்பது இலக்கு. வியர்த்து அந்த மண்டலத்தை எட்டியவருக்கு வாசலில் உள்ள ஆரஞ்சு இலச்சினை தன் உழைப்பின் அடையாளம். பிளானட் ஃபிட்னஸ் இன்னொரு வழியில் சென்றது. ஜிம்முக்குப் போகத் தயங்குபவர்களை அழைத்த அந்நிறுவனம், ஊதாவையும் மஞ்சளையும் கருவிகள் வரை பூசியது. கறுப்பும் சிவப்புமாக மிரட்டும் கூடங்களுக்கு நடுவே அது தனித்துத் தெரிந்தது.

சிறிய கூடத்துக்கு இந்தப் பெருநிறுவனங்களின் விளம்பர பலம் கிடையாது. ஆகவே அண்டைக் கூடங்களின் நிறங்களைக் குறித்துக்கொண்டு, வகுப்பறைச் சுவரிலும் பாயிலும் சட்டையிலும் தொடர்ந்து புழங்கக்கூடிய ஒரு நிறத்தைத் தேர்வதே அதற்கு வலு. கண்ணுக்குத் தெரிகிறதா என்பதும் முக்கியம். வெள்ளையின் மேல் தூய மஞ்சளின் ஒளிர்வு வேறுபாடு 1.07:1 மட்டுமே, தூய சிவப்புக்கு அது ஏறத்தாழ 4:1. ஜிம்களின் செல்ல இணையான கறுப்பின் மேல் சிவப்போ, சிவப்புணர்வு குறைந்த கண்களுக்கு மங்கிப்போகிறது. திரையில் எரியும் ஆரஞ்சும் நான்கு மை அச்சில் சோர்ந்துவிடும். இறுதி முடிவுக்கு முன் பலகையின் அச்சு மாதிரியைத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பது அவசியம்.

இனிவரும் ஆய்வுகள் ஒற்றை நிறத்தைக் காட்டி மனப்பதிவு கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே தெருவின் கூடப் பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்க வேண்டும்.