பூந்தோட்டத்தில் ஒரு கூடாரம்

வேல்ஸ் நாட்டின் வெல்ஷ்பூல் நகரை அடுத்த குன்றொன்றின் மீது செந்நிறக் கல்லாலான கோட்டை மாளிகை ஒன்று நிற்கிறது. பொவிஸ் என்பது அதன் பெயர். 13ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் ஒருவர் எழுப்பிய இம்மாளிகை, 1587இல் ஹெர்பர்ட் குடும்பத்தின் உடைமையாயிற்று. 1952 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தின் பொறுப்பில் இருந்து வருகிறது. சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டமும், மேகத் திரள்போல் கத்தரித்து வளர்க்கப்பட்ட முதிய யூ மரங்களும் புகழ் வாய்ந்தவை. பிள்ளைகளுடன் ஒரு பகற்பொழுதை இனிதே கழிக்க ஏற்ற இடம் என்றெண்ணியே நாமும் குடும்பத்தோடு அங்குச் சென்றோம்.

மாளிகையினுள் கிளைவ் அருங்காட்சியகம் என்றொரு பகுதி உண்டு. அங்கே திப்பு சுல்தானின் பெயரைக் கண்ட நம் இளைய மகன், "வாப்பா, நம்ம ஊர் சுல்தானின் பொருள் இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு விடை கூறுவது நம் கடமையாயிற்று.

பிளாசிப் போரில் வென்ற இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு, 1784இல் ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண்ணான ஹென்றியெட்டாவை மணந்தார். தந்தை வங்கத்தில் குவித்த செல்வம் இவ்வாறு இக்குடும்பத்தோடு இணைந்தது. எட்வர்டு 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். அக்காலத்திலேதான், 1799 மே 4ஆம் நாள், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே ஷஹீதானார். கைப்பற்றிய செல்வத்தைக் கும்பினிப் படையினர் பதவிக்கேற்பப் பங்கிட்டுக் கொண்டனர். சுல்தானின் அரியணையும் உடைக்கப்பட்டது. அதனை அணிசெய்த பொற்புலித் தலைகளுள் ஒன்று இன்று பொவிஸ் மாளிகையில் உள்ளது. 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சியுரிமை கும்பினியின் கைக்கு மாறியதும் இதே ஆளுநரின் காலத்தில் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நம்மைப் பெரிதும் நெகிழச் செய்தது சுல்தானின் கூடாரமே. வெண்ணிறப் பருத்தியில் பூச்சாடிகளும் கொடிகளும் விளங்கும் சீட்டித் துணி அது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவானது என்பர். அவ்வாறாயின் சுல்தானினும் அது மூத்தது. ஆயினும் அதன் வண்ணம் இன்றும் மங்கிவிடவில்லை. அதனை ஆக்கிய கைவினைஞர் எவர் பெயரும் எஞ்சவில்லை. போர்ப்பாசறையில் நின்ற அக்கூடாரம், பின்னாளில் இதே தோட்டத்தில் விருந்தினர்க்கு நிழல் தரும் பந்தலாகப் பயன்பட்டது.

தோட்டத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. அதனைப் பேணும் உழைப்பையும் போற்றுகிறோம். 2020இல் நேஷனல் டிரஸ்ட் நிறுவனமே தன் மாளிகைகளுக்கும் காலனி ஆதிக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதில் பொவிஸும் இடம்பெற்றது. மறைக்காமல் உரைத்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது. எனினும், பொருளைக் கொண்டு சென்றவர் சொல்லும் வரலாறு பாதியே. மறுபாதியைச் சொல்ல வேண்டியவர் நாமல்லவா?

அம்மறுபாதி நமக்குத் தொலைவில் இல்லை. கோட்டை வீழ்ந்தபின் சுல்தானின் மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். வேலூரிலேயே மறைந்த உறவினரின் அடக்கத்தலங்கள் இன்றும் அங்கு உள்ளன. ஊர் திரும்பியதும் பிள்ளைகளை முதலில் அங்கே அழைத்துச் சென்று, அக்கபுறுகளின் முன் நின்று துஆச் செய்தோம். கூடாரத்தின் கதையை நம் மகன் அங்கேதான் முழுமையாகக் கேட்டறிந்தான்.