மால்டாவுக்கு எண்ணெய் கொண்டுபோன கப்பல்

1940 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் செஸ்டர் நகரத்துக் கப்பல் தளத்திலிருந்து 'ஓஹாயோ' நீரில் இறங்கியது. டெக்சாஸ் ஆயில் நிறுவனம் தன் வியாபாரத்துக்காகக் கட்டிய எண்ணெய்க் கப்பல் அது. நீளம் 515 அடி, வேகம் 16 நாட். அன்றைய டேங்கர்களில் அவ்வளவு வேகம் அபூர்வம். அந்த வேகம்தான் இரண்டே வருடத்தில் அதைப் போருக்குள் இழுத்துவிட்டது.

1942இல் மத்திய தரைக்கடல் போர் மால்டா தீவைச் சுற்றி நடந்தது. லிபியாவிலும் எகிப்திலும் சண்டையிட்ட ஜெர்மன் தளபதி ரோமலின் படைக்கு டாங்கியும் பெட்ரோலும் இத்தாலியிலிருந்து கடல் வழியாகத்தான் வரவேண்டும். அந்த வழிக்குக் குறுக்கே, பிரிட்டன் கையில், மால்டா கிடந்தது. அதைக் குண்டு போட்டே பட்டினியில் தள்ளப் பார்த்தன ஜெர்மனியும் இத்தாலியும். ஜூனில் ஜிப்ரால்டர் பக்கமிருந்து பிரிட்டன் அனுப்பிய ஆறு சரக்குக் கப்பல்களில் இரண்டுதான் தீவைத் தொட்டன. 'கென்டக்கி' என்ற டேங்கர் வழியிலேயே மூழ்கியது. அதே மாதம் 21ஆம் தேதி லிபியாவில் பிரிட்டன் கையிலிருந்த டோப்ரூக் துறைமுகம் வீழ்ந்தது. ரோமல் எகிப்தின் எல் அலமைன் வரை வந்துவிட்டார்.

அடுத்த முயற்சிக்கு வேகமான டேங்கர் வேண்டும் என்பதால் ஓஹாயோ பிரிட்டனின் கொடிக்கு மாறியது. ஸ்காட்லாந்தின் கிளைட் நதியில் அமெரிக்க மாலுமிகள் இறங்க, டட்லி மேசன் என்ற கேப்டனின் கீழ் பிரிட்டிஷ் மாலுமிகள் ஏறினார்கள். ஏற்றிய சரக்கு சுமார் 11,500 டன் மண்ணெண்ணெயும் டீசலும். விமானப் பெட்ரோலை டின்களில் அடைத்து மற்றக் கப்பல்களில் ஏற்றினார்கள். டீசல் நீர்மூழ்கிகளுக்கு, மண்ணெண்ணெய் தீவு மக்களின் அடுப்புக்கு. போர் வரலாறுகள் அந்த அடுப்பைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் உலை வைக்க முடியாத ஊரை எந்தக் கோட்டையாலும் எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

மால்டாவுக்குப் போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் புறப்பட்ட 'பெடஸ்டல்' என்ற கான்வாயில் சரக்குக் கப்பல்கள் 14. டேங்கர் இது ஒன்றுதான். துணைக்கு நெல்சன், ராட்னி என்ற இரு போர்க்கப்பல்களும் விமானம் தாங்கிகளும் பெரும் படையாக வந்தன. ஆகஸ்ட் 11 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி யூ-73, 'ஈகிள்' விமானம் தாங்கியைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தது. மறுநாள் மாலை பெரிய கப்பல்கள் திட்டப்படி திரும்பிக்கொண்டன. அதன் பிறகு இத்தாலிய நீர்மூழ்கி 'ஆக்சும்' ஒரே வீச்சில் விட்ட டார்பிடோக்கள் நைஜீரியா, கெய்ரோ, ஓஹாயோ மூன்றையும் தாக்கின. முதல் இரண்டும் பாதுகாப்பு விமானங்களுக்கு வழிகாட்டும் க்ரூஸர்கள். அதாவது, அந்த ஒரு தாக்குதலில் கான்வாயின் கண்ணே போயிற்று.

ஓஹாயோவின் பக்கவாட்டில் பெரிய ஓட்டை விழுந்து மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டது. மாலுமிகள் தீயை அணைத்தார்கள். சுக்கான் பிடிக்கும் கருவி கெட்டுப்போனதால் பின்புறத்திலிருந்து கையால் திருப்பி ஓட்டினார்கள். 13ஆம் தேதி சுட்டு வீழ்த்திய ஒரு ஜங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானம் கடலில் மோதி எழும்பி முன்தளத்தில் விழுந்தது. பிறகு ஒரு ஸ்டூகா விமானம் பின்தளத்தில் வந்து விழுந்தது. அதைத் தொலைபேசியில் பதற்றத்தோடு சொன்ன அதிகாரியிடம், முன்னால் ஒன்று வெகு நேரமாகவே கிடக்கிறது என்று மேசன் பதில் சொன்னாராம்.

அன்றே இயந்திரங்கள் நின்றன. குண்டுகள் அருகருகே வெடித்துக் கப்பலின் முதுகெலும்பு முறிந்தது. மாலுமிகள் இருமுறை இறங்கி மீண்டும் ஏறினார்கள். இதே கான்வாயில் மூழ்கிய 'சாந்தா எலிசா' என்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து தப்பியவர்களும் தாமாகவே முன்வந்து ஓஹாயோவின் பீரங்கிகளை இயக்கினார்கள். உயிர் பிழைத்து ஒரு நாள்கூட ஆகாதவர்கள், குண்டு விழும் என்று தெரிந்தே எண்ணெய்க் கப்பலில் ஏறியிருக்கிறார்கள். இந்தக் கதையில் என்னை உலுக்குவது இதுதான்.

கடைசியில் 'பென்', 'பிராம்ஹாம்' என்ற இரு நாசகாரிக் கப்பல்கள் இரு பக்கமும் ஒட்டி நின்று கம்பி வடத்தால் அதைக் கட்டிக்கொண்டன. மேல்தளம் ஏறக்குறைய நீரைத் தொட, தள்ளாடித் தள்ளாடி, ஆகஸ்ட் 15 காலை, சாந்தா மரியா (மரியன்னை விண்ணேற்பு) திருநாளன்று வாலெட்டா துறைமுகத்துக்குள் வந்தது. கோட்டை மதில்களில் கூட்டம் நின்று ஆரவாரம் செய்தது. எண்ணெயை இறைக்க இறைக்கக் கப்பல் தாழ்ந்துகொண்டே போய்த் தரை தட்டியது.

14 கப்பல்களில் சேர்ந்தவை ஐந்துதான். கப்பல் கணக்கில் பார்த்தால் பிரிட்டனுக்குத் தோல்வி. எண்ணெய்க் கணக்கு வேறு. பிழைத்துக்கொண்ட மால்டாவின் விமானங்கள் ஆகஸ்ட் 30 அன்று 'சான் ஆந்த்ரேயா' என்ற இத்தாலிய டேங்கரை மூழ்கடித்தன. அதே நாள் இரவு எல் அலமைனுக்கு அருகே அலம் ஹல்ஃபாவில் தாக்குதல் தொடங்கிய ரோமல், பெட்ரோல் இல்லாமல் தடுமாறிப் பின்வாங்கினார். அக்டோபர் 23 அன்று எல் அலமைனில் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி தாக்கினார். அந்த வெற்றியை ஒரு டேங்கரின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் மான்ட்கோமரியைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்க, இந்த மாலுமிகளுக்கு ஒரு பத்தியோடு முடித்துக்கொள்வது நியாயமில்லை.

மேசனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. கப்பலோ இரண்டு துண்டானது. துறைமுகத்திலேயே கிடங்காகவும், யுகோஸ்லாவியப் படையினரின் தங்குமிடமாகவும் இருந்தது. 1946 செப்டம்பர் 19 அன்று பிரிட்டிஷ் கடற்படை முன்துண்டைக் கடலுக்கு இழுத்துச் சென்று பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தது. அடுத்த மாதம் பின்துண்டையும் மூழ்கடித்தது.