நார்டிக்: திசையிற் பிறந்த சொல்

டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளையும், அவற்றைச் சார்ந்து தன்னாட்சி பெற்று விளங்கும் பரோத் தீவுகள், கிரீன்லாந்து, ஆலந்துத் தீவுகள் ஆகியவற்றையும் ஒருங்கே குறிப்பது ‘நார்டிக்’ என்னும் சொல்லாகும். இதனையும் ‘ஸ்காண்டிநேவியா’ என்பதனையும் ஒருபொருள் குறித்த இரு சொற்களாகக் கொள்வோர் பலர். அஃது அத்துணைப் பொருத்தமுடையதன்று. ஸ்காண்டிநேவியா என்பது டென்மார்க், நார்வே, சுவீடன் என்னும் மூன்றனையே சிறப்பாகச் சுட்டும். இம்மூன்று நாட்டு மொழிகளும் ஒரு தாய் ஈன்ற பிள்ளைகள். ஒருவர் பேச்சை மற்றவர் ஓரளவு உணர்ந்துகொள்ள இயலும். பின்னிய மொழியோ முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எஸ்தோனியம், அங்கேரியம் ஆகியவற்றுக்கு உறவானது. அங்ஙனமிருந்தும் பின்லாந்து நார்டிக் நாடே. மொழியாலும் குருதியாலும் வேறானதொரு நாடு இப்பெயருக்குள் இடம் பெற்றது எவ்வாறு என்பதிலேதான் இச்சொல்லின் வரலாறு அடங்கியுள்ளது.

வடக்கு என்று பொருள்படும் ‘நார்த்’ என்னும் செருமானிய இனச் சொல்லே இதன் வேர். ஞாயிறு எழும் திசையை நோக்கி நிற்பவனுக்கு இடப்புறம் அமைவது வடக்கு. ஆதலின் இவ்வேர் முதலில் ‘இடப்பக்கம்’ என்னும் பொருளைத் தந்திருத்தல் கூடும் என்பர் மொழிநூலார் சிலர். இத்தாலியில் வழங்கி மறைந்த உம்பிரிய மொழியில் ‘நெர்த்ரு’ என்பது இடப்புறத்தைக் குறித்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். வடமொழியில் ‘தட்சிணம்’ என்பது வலப்புறத்தையும் தெற்கையும் ஒருசேரக் குறித்தலும் இத்தகையதே. தமிழ், நிலத்தின் மேடு பள்ளங்கொண்டு மேற்கு, கிழக்கு எனப் பெயரிட்டதை ஆசிரியர்கள் அறிவர்.

‘நார்வே’ என்றால் வடக்கு வழி. பிரான்சின் கடற்கரையில் 911ஆம் ஆண்டில் நிலம் பெற்றுக் குடியேறிய வட நாட்டாரால் அப்பகுதி ‘நார்மண்டி’ ஆயிற்று. பிரெஞ்சு மொழி பழைய ஆங்கிலத்திலிருந்து இத்திசைப் பெயரைக் கடன் பெற்று, பின்னர் அதிலிருந்து ‘நோர்திக்’ என்னும் பெயரடையை ஆக்கிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் அப்பெயரடையைத் தான் பெற்றுக்கொண்டது. கொடுத்த கடன் வட்டியோடு திரும்பியது எனலாம். அவ்வட்டியில் நஞ்சு கலந்திருந்தது.

அக்காலத்தில் மாந்தரின் மண்டையோட்டை அளந்து இனம் பிரிக்கும் ஆராய்ச்சி ஐரோப்பாவில் ஓங்கியிருந்தது. பிரெஞ்சு மானிடவியலார் ஜோசப் தெனிக்கர், நெடிய உருவமும் வெளிறிய நிறமும் உடையோரை ‘நார்டிக் இனம்’ என வகைப்படுத்தினார். அவருக்கு அது வகைப்பாடு. நியூயார்க் வழக்கறிஞர் மேடிசன் கிராண்டு 1916இல் வெளியிட்ட நூலிலோ அது ஆளப் பிறந்த இனத்தின் பெயராயிற்று. திசையைச் சுட்டிய சொல் உயர்வு தாழ்வைச் சுட்டலாயிற்று.

அமெரிக்கச் சட்டம் ‘வெள்ளையர்’ குடியுரிமை பெறலாம் என்றிருந்த காலம் அது. மின்னசோட்டா மாநிலத்தில் ஜான் ஸ்வான் என்னும் பின்லாந்தியர் குடியுரிமை கோரியபொழுது, பின்லாந்தியர் மங்கோலிய வழியினர், ஆதலின் வெள்ளையர் அல்லர் என அரசு வழக்கறிஞர் தடை எழுப்பினார். 1908இல் நீதிபதி வில்லியம் காண்ட் அத்தடையைத் தள்ளி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். தொல்காலத்து மரபு எதுவாயினும், இன்றைய பின்லாந்தியர் ஐரோப்பாவின் மிக வெளிறிய மக்களுள் அடங்குவர் என்பது அவர் கண்ட முடிபு. தோலின் நிறம் ஸ்வானைக் காத்தது. அதே சட்டத்தின்கீழ் 1923இல் பகத் சிங் திண்டு என்னும் இந்தியருக்கு உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது.

அடுத்து வந்த 1924ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்தோர் தொகையில் நூற்றுக்கு இருவர் என நாடுதோறும் வரம்பு வகுத்தது. சுவீடனுக்கு 9,561 இடம்; நார்வேக்கு 6,453; பின்லாந்துக்கு 471. பின்லாந்தியருள் பெரும்பாலோர் 1890க்குப் பின்னரே அங்குச் சென்றமையால் நேர்ந்த கணக்கு இது. எந்த ஆண்டைத் தேர்ந்தால் எவரைத் தடுக்கலாம் என்று அறிந்தே அவ்வாண்டைத் தேர்ந்தனர்.

இப்பழி அமெரிக்கரை மட்டும் சார்ந்ததன்று. சுவீடன் அரசு 1922இல் உப்சாலா நகரில் இனவுயிரியல் நிறுவனம் ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க், வடகோடியின் தொல்குடிகளாகிய சாமி மக்களை அளந்தும் படம் பிடித்தும் ஏடுகளை நிரப்பினார். ‘நார்டிக்’ குருதியைப் போற்றிய இட்லரின் படையோ, 1940 ஏப்ரல் 9ஆம் நாள் டென்மார்க்கின்மீதும் நார்வேயின்மீதும் பாய்ந்தது. போற்றப்பட்டோரே ஐந்தாண்டுகள் அடிமைப்பட்டனர்.

இவற்றிடையே அந்நாட்டு மக்கள் தம் வீட்டு வழக்கில் இச்சொல்லுக்கு வேறொரு வாழ்வைத் தந்திருந்தனர். அவர்கள் தம் நிலப்பகுதியை ‘நோர்டன்’, அதாவது வடக்கு, என்பர்; பின்லாந்தியர் தம் மொழியிலேயே ‘போயொய்ஸ்மாத்’, வட நாடுகள், என்பர். ஆர்த்தர் ஹாசேலியுஸ் குடியானவர்தம் ஆடை, கலன், தட்டுமுட்டுப் பொருள்களைத் திரட்டி ஸ்டாக்ஹோமில் 1873இல் நிறுவிய காட்சியகம் 1880இல் ‘நார்டிக் அருங்காட்சியகம்’ எனப் பெயர் பெற்றது. அங்கு இச்சொல்லுக்கு உழவர் வாழ்க்கையே பொருள். 1919இல் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகியவற்றில் ‘நோர்டன்’ சங்கங்கள் தோன்றின. ஐஸ்லாந்து 1922இலும் பின்லாந்து 1924இலும் இணைந்தன.

போருக்குப் பின் இவ்வழக்கே வென்றது. 1952இல் நார்டிக் மன்றம் அமைந்தது. அண்டைய சோவியத் நாட்டின் மனத்தாங்கலுக்கு அஞ்சிய பின்லாந்து 1955இல்தான் சேர்ந்தது. ஆயினும் 1952இலேயே பின்லாந்தியர் கடவுச்சீட்டு இன்றி அண்டை நாடுகளுக்குச் சென்று வரலாயினர். 1954இல் அங்கெல்லாம் தொழில் செய்யும் உரிமையும் பெற்றனர். மண்டையோட்டை அளந்தோர் ஐயுற்ற மக்களை, எல்லைக் காவலர் கேள்வியின்றி உள்ளே விட்டனர். 1999இல் எஸ்தோனிய வெளியுறவு அமைச்சர் தூமாஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ் ஸ்டாக்ஹோமில் பேசுகையில், தம் நாடும் நார்டிக் நாடே என வழக்காடினார். மன்றத்தில் அந்நாடு இன்றும் உறுப்பினர் இல்லை.

அன்றாட வழக்கில் இச்சொல் இப்பொழுது பல பொருள்களோடு ஒட்டிக்கொண்டுள்ளது. பக்கவாட்டில் ஒதுங்கிய சிலுவை பொறித்த கொடியை நார்டிக் சிலுவைக் கொடி என்பர். டென்மார்க்கின் கொடியே அதன் மூத்த வடிவம். 1985இல் தனக்கெனக் கொடி கண்ட கிரீன்லாந்து மட்டும் அச்சிலுவையை ஏற்கவில்லை. இரு கைகளிலும் கோலூன்றி விரைந்து நடத்தல் நார்டிக் நடை. குற்றப் புதினங்களுள் ஒரு வகைக்கும் இப்பெயர் உண்டு. சுவை மிக்கது ‘நார்டிக் தங்கம்’ என்பதே. 1991இல் சுவீடனின் 10 குரோனா நாணயத்துக்கும், பின்னர் யூரோவின் 10, 20, 50 சென்ட் நாணயங்களுக்கும் பயன்பட்ட உலோகக் கலவை அது. செம்பு 89 விழுக்காடு. எஞ்சியவை அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம். தங்கம் அணுவளவும் இல்லை!

இச்சொல்லைத் தமிழில் ‘வடபுலம்’ எனப் பெயர்க்க முனைவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வடபுலம் என்றதும் தமிழர் நெஞ்சில் தோன்றுவது வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலமே. ‘வட ஐரோப்பிய நாடுகள்’ என்றாலோ பால்டிக் கரை நாடுகளும் உள்ளே வந்துவிடும். ஆகவே வகுப்பறையில் ‘நார்டிக்’ என்பதையே எடுத்தாண்டு, முதன்முறை வழங்குமிடத்து ஐந்து நாடுகளின் பெயரையும் உடன்கூறுதல் நலம். பின்லாந்தின் பெயரைச் சற்று அழுத்தியே கூறலாம்.