பாட்டம்

பாலக்காட்டுப் பக்கம் 'பாட்டத்துக்குக் கொடுத்திருக்கிறது' என்றால் நிலம் குத்தகைக்குப் போயிருக்கிறது என்று பொருள். நாஞ்சில்நாட்டுக்காரர்களுக்கும் பழகிய சொல்தான். ஆனால் அன்று பாட்டத்துக்குப் போனது வயல் மட்டுமல்ல, அதில் உழுத அடிமைகளான செறுமரும்கூட. (செறு என்றால் வயல். பெயரே அங்கிருந்து வந்தது என்பாருண்டு.)

மலபாரில் ஆளைக் கைமாற்ற மூன்று வழி: ஜன்மம் விற்பனை, காணம் அடமானம், பாட்டம் வாடகை. மூன்றும் நிலத்துக்கான சொற்களே. மனிதனுக்கென்று தனிச்சொல் தேட யாரும் மெனக்கெடவில்லை. காணத்தில் இருக்கும்போது ஆள் இறந்துவிட்டால் உடையவர் ஈடாக இன்னொருவரைத் தர வேண்டும். பாட்டத்துக்கு, 1800-இல் இவ்வழி வந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கனன் குறித்த வாடகை, ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம். பெண்ணுக்கு அதில் பாதி.

மலபாரில் 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் இந்த அடிமைமுறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது, ஏட்டளவிலாவது. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் சேர்ந்திருந்த கொச்சி அரசில் விடுதலை 1854-இல். பீர்மேடு முதலிய மலைப்பகுதியை உள்ளடக்கிய திருவிதாங்கூரில் 1855 ஜூன் 24 அன்று அரச விளம்பரம் வந்தது.

அமெரிக்காவில் டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி எட்டியது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1865 ஜூன் 19-இல். ஜூனையும் பத்தொன்பதையும் ஆங்கிலத்தில் ஒட்டிப் பிறந்த 'ஜூன்டீன்த்', 2021 முதல் அங்கே தேசிய விடுமுறை. கேரள அரசின் விடுமுறைப் பட்டியலில் ஜூன் 24 இல்லை.