கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: செல்லுக்குள் மறைந்திருக்கும் வைரஸைக் கண்டறிவது எப்படி?

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் பேக்கிங்குக்கு முன் குழந்தைகளின் ஆடைகளை ஊசி கண்டறியும் மெஷினில் விடுவார்கள். செக்கிங்கில் கண்ணுக்குத் தப்பிய முறிந்த ஊசித் துண்டை அது காட்டிக் கொடுத்துவிடும். பெண்களுக்கான எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையும் இதைப் போன்றதே. எந்த அறிகுறியும் இல்லாத நிலையிலேயே செல்லுக்குள் வைரஸ் இருப்பதை அது காட்டுகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸால் (எச்.பி.வி.) வருகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு 1983, 1984ஆம் ஆண்டுகளில் புற்றுநோய்க் கட்டிகளில் இதன் 16, 18ஆம் வகைகளின் டி.என்.ஏ.வைக் கண்டறிந்தது. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இவ்விரு வகைகளே காரணம்.

பரிசோதனை முறைகள்

1. பி.சி.ஆர்.: மாதிரியைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஜிப் போலப் பிரியும். சூடு குறையும்போது, வைரஸுக்கே உரிய பகுதியில் மட்டும் 'பிரைமர்' ஒட்டும். அங்கிருந்து நொதி புதிய இழையை உருவாக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகி, 30 சுற்றுகளில் ஒரு பிரதி 100 கோடிக்கும் மேலாகும்.

2. ஹைப்ரிட் கேப்சர்: வைரஸ் டி.என்.ஏ.வுடன் பொருந்தும் ஆர்.என்.ஏ. துண்டுகளைச் சேர்ப்பார்கள். இரண்டும் இணைந்தால் எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். அது வெளியிடும் ஒளி அளக்கப்படும்.

3. இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன்: மெல்லிய திசுத் துண்டில், வைரஸ் எந்தச் செல்லில் இருக்கிறது என்பதையே மைக்ராஸ்கோப்பில் காட்டும்.

பலன் என்ன?

நமக்கு அருகிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையே இந்நோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது (2007). மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாயின (2009). 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

குடும்பத்தார் கவனத்துக்கு

'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். நீடித்தால்தான் ஆபத்து. அதையும் புற்றாக மாறும் முன்பே சிகிச்சையால் அகற்றலாம்.

இது தாம்பத்திய உறவால் பரவும் வைரஸ். பல ஆண்டுகள் மௌனமாகவும் இருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. ஆகவே ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையோ கணவரையோ சந்தேகிப்பது, மார்க்கம் தடுத்த கெட்ட எண்ணமாகும்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் அன்னை உம்மு சுலைம் (ரலி) அவர்கள், பெண்களுக்குக் குளிப்பு எப்போது கடமையாகும் என்பதை நபி (ஸல்) அவர்களிடமே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தேவையான இடத்தில் வெட்கம் தடையாகக் கூடாது என்பதற்கு இதுவே முன்மாதிரி. பெண் மருத்துவரிடம் செல்லலாம். டி.என்.ஏ. பரிசோதனைக்கு, வசதியுள்ள இடங்களில் பெண்ணே தனியறையில் மாதிரி எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

ஷிப்ட் போய்விடும், ஒருநாள் கூலி போய்விடும் என்று நம் தாய்மார்களும் சகோதரிகளும் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஒருநாளை அவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுப்பது வீட்டு ஆண்களின் பொறுப்பு. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.