இரத்த அழுத்த மருந்துகளும் இன்சுலின் உணர்திறனும்

உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மருந்துகளில் சில, இன்சுலின் உணர்திறனைக் குறைக்கின்றன. சில ஓரளவு மேம்படுத்துகின்றன. சில எந்த மாற்றமும் செய்வதில்லை. தசை, கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவை இன்சுலினுக்கு எந்த அளவு இணங்கிச் செயல்படுகின்றன என்பதையே இன்சுலின் உணர்திறன் என்பர். வயிற்றுப் பருமன் உள்ளவர்களிடம் இது ஏற்கெனவே குறைந்திருப்பதால், அவர்களுக்கு எந்த மருந்தைத் தருவது என்பது கூடுதல் கவனத்துக்கு உரியது.

அளவிடும் முறை

இன்சுலின் உணர்திறனைத் துல்லியமாக அளக்க 'கிளாம்ப்' சோதனை பயன்படுகிறது. சிரை வழியாக இன்சுலினைச் சீராகச் செலுத்தி, இரத்தச் சர்க்கரை இறங்காதபடி குளுக்கோஸையும் கூடவே ஏற்றுவர். சர்க்கரையை நிலையாக வைக்க எவ்வளவு அதிகக் குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ, உணர்திறனும் அவ்வளவு அதிகம்.

மருந்து வகைகள்

தயசைடு வகை நீர்ப்பெருக்கிகள் உணர்திறனைக் குறைக்கக்கூடியவை. இவற்றால் பொட்டாசியம் குறையும்போது கணையத்தின் இன்சுலின் சுரப்பும் தளர்கிறது. வயிற்றுப் பருமன் கொண்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான 'மெடிகா' ஆய்வில், 12 வாரம் ஹைட்ரோகுளோரோதயசைடு எடுத்தபோது உணர்திறன் குறைந்தது. கல்லீரல் கொழுப்பு கூடியது. ஏஆர்பி (ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான்) வகை மருந்தான கேண்டிசார்ட்டன் எடுத்தபோது இப்பாதிப்பு காணப்படவில்லை. ஆனால் அந்த ஆய்வில் தரப்பட்ட ஹைட்ரோகுளோரோதயசைடின் 50 முதல் 75 மி.கி. அளவு, இன்று வழக்கமாகத் தரப்படும் 12.5 முதல் 25 மி.கி. அளவைவிட மிக அதிகம்.

அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற பீட்டா தடுப்பான்களும் உணர்திறனைக் குறைக்கின்றன. உடல் எடையும் சற்றுக் கூடலாம். இரத்த நாளங்களை விரிக்கும் கார்வெடிலாலுக்கு இக்குறை இல்லை. ராமிப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பான்களும், டெல்மிசார்ட்டன் போன்ற ஏஆர்பி மருந்துகளும் பாதிப்பு ஏற்படுத்துவதில்லை. சிலரிடம் உணர்திறனை மேம்படுத்துகின்றன. கால்சியம் தடுப்பானான அம்லோடிபின் நடுநிலையானது.

நீண்டகால விளைவு

வட அமெரிக்காவில் நடந்த 'ஆல்ஹாட்' ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. தொடக்கத்தில் நீரிழிவு இல்லாதவர்களில், நான்கு ஆண்டுகளில் தயசைடு போன்ற நீர்ப்பெருக்கியான குளோர்தாலிடோன் எடுத்தோரில் 11.6 விழுக்காட்டினருக்கும், அம்லோடிபின் எடுத்தோரில் 9.8 விழுக்காட்டினருக்கும், ஏசிஇ தடுப்பானான லிசினோபிரில் எடுத்தோரில் 8.1 விழுக்காட்டினருக்கும் இரத்தச் சர்க்கரை நீரிழிவு அளவை எட்டியது. ஆயினும் மாரடைப்பைத் தடுப்பதில் குளோர்தாலிடோன் மற்ற இரண்டுக்கும் பின்தங்கவில்லை.

சிகிச்சை

பருமனும் நீரிழிவு அபாயமும் சேர்ந்திருந்தால், வேறு தடை இல்லாதபோது, ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி, அம்லோடிபின் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்குவது பொருத்தமானது. கர்ப்பிணிகளுக்கு முதலிரண்டும் ஆகாது. தயசைடு தேவைப்பட்டால் குறைந்த அளவில் தந்து, பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கும் என்பதால், சர்க்கரைக்கு அஞ்சி எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.