வாலிலிருந்து மூக்கிற்கு வந்த சக்கரம்

இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்களில் ஸ்பிட்ஃபயர் விமானம் தரையில் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு, குந்தியிருக்கும் நாயைப்போல நிற்கும். இன்றைய சிறு விமானங்களோ பெரும்பாலும் மட்டமாக நிற்கின்றன. அவற்றின் மூன்றாவது சக்கரம் வாலிலிருந்து மூக்கிற்கு இடம் மாறிவிட்டது. இந்த மாற்றத்துக்குக் காரணமானவற்றுள் முக்கியமானது ஒரு விபத்து.

விமானி ஒழுங்காகத்தான் இறங்குகிறார். முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொட்டுவிட்டன. அப்போது பக்கக் காற்று வாலைச் சற்றே தள்ளுகிறது. அவ்வளவுதான்! விமானம் பம்பரம்போல் சுழன்று, இறக்கை நுனி தரையில் உரச, சக்கரக்கால் ஒடிந்து நிற்கிறது. 'கிரவுண்ட் லூப்' என்று சொல்லப்படும் இதைத் தரைச்சுழல் எனலாம். உயிர்ச்சேதம் அரிது, விமானத்துக்குத்தான் சேதம். பழியோ விமானியின் தலையில்!

இது ஏன் நேர்கிறது? ஓர் அம்பை எண்ணிப் பாருங்கள். கனம் முன்னால்; காற்றில் இழுபடும் இறகு பின்னால். சற்று விலகினாலும் அம்பு தானே நேராகிவிடும். இறகு முன்னால் இருக்கும்படி எறிந்தால், பாதி வழியிலேயே திரும்பிவிடும். வால்சக்கர விமானம் இப்படித் தலைகீழாக எறிந்த அம்புதான். தரையைப் பற்றும் சக்கரங்கள் முன்னால் இருக்க, ஈர்ப்பு மையம் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. சிறிது திரும்பினாலும், பின்னாலுள்ள கனம் அதை மேலும் திருப்பவே பார்க்கும்.

அப்படியானால் வாலில் ஏன் வைத்தார்கள்? மூக்குச்சக்கரம் புதிதன்று. 1908-இல் பறந்த கர்ட்டிஸின் 'ஜூன் பக்' விமானத்திலேயே அது இருந்தது. ஆனால் அன்றைய தளங்கள் மேடுபள்ளமான புல்வெளிகள். மூக்கு உயர்ந்திருந்தால் சுழல்விசிறி தரையில் படாது. பிரேக் இல்லாத காலத்தில், வாலடியில் இருந்த கட்டை மண்ணைக் கீறி வேகத்தைக் குறைத்தது. பரந்த வெளியாதலால் காற்று எத்திசையில் வீசினாலும் அதை எதிர்த்தே இறங்கலாம். பிறகு வந்தது நீண்ட, குறுகிய கான்கிரீட் ஓடுபாதை. பக்கக் காற்றிலும் அதில்தான் இறங்கியாக வேண்டும். என் கணிப்பில், விமானியைவிடத் தரைதான் அதிகம் மாறியிருந்தது.

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வெய்க், 1934-இல் தாம் உருவாக்கிய டபிள்யூ-1 விமானத்தில் மூக்குச்சக்கரம் பொருத்தினார். அதன் வழிவந்ததே எர்கூப். சுக்கானைத் திருப்பும் மிதிகள்கூட முதலில் அதில் இல்லை! பக்கக் காற்றில் சாய்கோணமாகவே வந்து தரையைத் தொடும். தொட்டதும் அம்பைப்போலத் தானே ஓடுபாதைக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும்.

1951-இல் பைப்பர் நிறுவனம் தன் பேசர் விமானத்தின் சக்கரத்தை முன்னுக்கு மாற்றி டிரை-பேசர் என்று விற்றது. செஸ்னாவின் வால்சக்கர 170, 1956-இல் மூக்குச்சக்கர 172 ஆக விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேற்பட்ட 172 விமானங்கள் கட்டப்பட்டுள்ளன.

விபத்து அடியோடு ஒழிந்துவிடவில்லை. அதிக வேகத்தில் இறங்கி மூக்குச்சக்கரம் முதலில் தரையில் பட்டால், விமானம் தவளைபோல் தத்தும்; இரண்டு மூன்று தத்தலில் முன்கால் ஒடிந்துவிடும். அலாஸ்காவின் சரளைக்கல் ஆற்றுக்கரைகளில் இறங்க இன்றும் வால்சக்கரமே ஏற்றது. அதைத் தனியே ஓட்ட முன்வரும் அமெரிக்க விமானிகள், 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே அந்தப் பழக்கம் இல்லாதவர்களானால், தனிப் பயிற்சி பெற்று ஆசிரியரின் ஒப்பம் வாங்கியாக வேண்டும்.